றொசல்லயிலிருந்து திருச்சிக்கு எத்தனை நாழிகை?

கொழும்பிலிருந்து ஹற்றனை நோக்கி மலையேறும் புகையிரதம், வட்டவளையைக் கடந்து இன்னும் சிறிது மூச்சு வாங்கியபின் வந்தடையும் சிறு ஸ்டேஷன் றொசல்ல. கொழுந்தும் மழையும் மூடுபனியுமே அவ்விடத்தின் செல்வம். ஆகாய மார்க்கத்தின் தூரத்தையும் நேரத்தையும் பற்றி எழுதப் புகுந்த நாம், விமானம் இறங்கவே இயலாத இம்மலைச்சரிவில் வந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. கொழும்பிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் என்று கால அட்டவணை கூறுகின்றது. அது மெய்யே. ஆயினும் விமான நிலையத்தில் எவரும் குடியிருப்பதில்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலே வேர் விட்ட பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வது றொசல்ல போன்ற தோட்டங்களில்தான். ஆகவே, "கொழும்பிலிருந்து எவ்வளவு நேரம்?" என்பதை விட, "லயத்து வாசலிலிருந்து எவ்வளவு நேரம்?" என்று கேட்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்யலாம். வேண்டுவது ஓர் அட்லஸ், ஒரு பென்சில், சிறிது பொறுமை. வடக்குத் தெற்காக ஒரு பாகை என்பது 60 கடல் மைல்; ஒரு கலை என்பது ஒரு கடல் மைல்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கட்டுநாயக்க விமான நிலையம் வட அகலாங்கு 7 பாகை 11 கலையில் இருக்கின்றது. திருச்சி விமான நிலையம் 10 பாகை 46 கலையில் இருக்கின்றது. வித்தியாசம் 3 பாகை 35 கலை, அதாவது 215 கடல் மைல். கிழக்கு மேற்காக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 பாகை 10 கலை. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக நெட்டாங்குகள் ஒன்றையொன்று நெருங்குவதால், இந்த 70 கலை இங்கே 69 கடல் மைலாகக் குறைகின்றது. இனி எஞ்சியிருப்பது வகுப்பறையில் படித்த பைதகரஸின் தேற்றமே. 215, 69 ஆகிய இரண்டையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 226 கடல் மைல் வரும். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 420. சென்னைக்கு இதே முறையில் கணக்கிட்டால் சுமார் 650 கிலோமீட்டர் கிடைக்கும். பூமி உருண்டை என்பதை மறந்து தட்டையாகவே கணக்கிட்டோமே என்று கெட்டிக்கார மாணவர் ஆட்சேபிக்கக் கூடும். இவ்வளவு குறுகிய தூரத்தில் அதனால் நேரும் பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. கொழும்பிலிருந்து இலண்டனுக்குக் கணக்கிடும்போது மட்டும் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்பொழுது அடிமட்டத்தை எடுத்துக் கட்டுநாயக்கவையும் திருச்சியையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். கோடு கற்பிட்டிக்கு மேற்கே கடலுக்கு மேலாகச் சென்று, மன்னார் வளைகுடாவைக் கடந்து, பாம்பனுக்கு மேலே இந்தியக் கரையைத் தொடுகின்றது. பின்னர் தொண்டிக்கு அருகாகச் சென்று, புதுக்கோட்டைக்கு மேலாகத் திருச்சியை அடைகின்றது. பாம்பன், தொண்டி, புதுக்கோட்டை! இம்மூன்று பெயர்களையும் கேட்ட மாத்திரத்திலே மலையகத்து முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கங்காணியின் பின்னால் மூட்டை முடிச்சுடன் அவர்களுடைய முன்னோர் நடந்து வந்த வழி அதுவல்லவா? புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் திருச்சி ஜில்லாவிலிருந்தும் கால்நடையாகக் கடற்கரைக்கு வந்து, தொண்டியிலும் பாம்பனிலும் தோணி ஏறினார்கள். விமானிக்கு வழி வகுத்தவர் அந்தச் சரித்திரத்தை அறிந்து வகுக்கவில்லை. குறுக்கு வழி தேடினால் எக்காலத்தும் அதே வழிதான் வந்து வாய்க்கிறது. உண்மையான விமானம் வான்பாதை விதிகளையும் காற்றையும் அனுசரித்துச் சற்று விலகிப் போகலாம். அதனால் நாம் கூறுவதன் பொருள் மாறாது.

ஆனால் வழி இந்தியக் கரையில் ஒன்றாய் இருந்ததே தவிர, இலங்கைக் கரையில் இருக்கவில்லை. விமானம் கடலின் மேலேயே மிதந்து கொழும்புக்கு வந்துவிடுகிறது. நம் முன்னோரோ மன்னாரில் இறங்கி வன்னிக் காட்டை ஊடறுத்து மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கில்லை. அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆந் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கிற்று. அது மாத்தளையை அடைந்தது ஓகஸ்ட் 12 ஆந் திகதி. நல்ல பாதையும், வழியிலே உணவும் நீரும், உடன் வருவோரின் அன்பும் இருந்தும் 16 நாட்கள்! இவை எதுவுமின்றிப் பச்சைக் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தவர்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். மாத்தளையோடு பயணம் முடிந்துவிடவுமில்லை. அங்கிருந்து தோட்டம் வரை மலையேற வேண்டும்.

1884 ஆம் ஆண்டில் புகையிரதம் ஹற்றனை எட்டியது. 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியது. "போட் மெயில்" என்று நம் பாட்டன்மார் வாயாரச் சொன்ன பயணம் அதுவே. ஹற்றன் பக்கத்தார் பொல்காவலையில் வண்டி மாறி, இரவு முழுவதும் தூங்கியும் தூங்காமலும் தலைமன்னார் சேர்ந்து, கடலைக் கடந்து, மீண்டும் வண்டி ஏறித் திருச்சி போய்ச் சேர ஒன்றரை நாளுக்குக் குறையாது. ஆயினும் நடந்து வந்தவரின் பேரன் ஒன்றரை நாளில் பாட்டனின் ஊரைப் பார்த்துத் திரும்ப முடிந்தது என்பது சாமானியமான மாற்றமன்று. கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் குலதெய்வத்துக் கிடாவெட்டுக்கும் அக்கரைக்குப் போய் வருவது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது.

அந்த வழக்கத்தை முறித்தது தூரமன்று, சட்டம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களைப் பங்கிட்டுக்கொள்ள 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை அளிப்பதாகவும், எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் பேசுவதாகவும் முடிவாயிற்று. அந்த மை உலர்ந்து இரண்டு மாதங்கூட நிறைவுறவில்லை, டிசெம்பர் 22 ஆந் திகதி இரவு அடித்த பெரும் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. மலைநாட்டிலிருந்து மக்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குச் சென்ற வண்டிகளைத் தோட்டத்து மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்று ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பிரிந்தார்கள். போனவர்களிற் சிலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைத் தோட்டத்திலேயே கொழுந்து பறிக்க நேர்ந்தது விதியின் வேடிக்கைதான்.

1980 களின் நடுப்பகுதியில் யுத்தத்தின் காரணமாக அந்தக் கப்பலும் நின்றது. 2011 இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விடப்பட்ட கப்பல் சில மாதங்களே ஓடியது. 2023 ஒக்டோபர் 14 ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வரும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அக்கரைச் சொந்தத்தைப் பார்க்க எஞ்சியிருந்த ஒரே நிலையான வழி ஆகாயந்தான். விமானம் செல்வந்தரின் வாகனம் என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. மலையகத்திலே அது வேறு வழியில்லாதவரின் வாகனமாயிற்று.

அந்த ஆகாய மார்க்கம் எப்பொழுது திறந்தது? மனிதருக்கு முன்னே கடிதந்தான் பறந்தது. 1938 பெப்ரவரி 28 ஆந் திகதி டாட்டா கம்பனியின் தபால் விமானம் இரத்மலானையை அடைந்தது. கடிதம் ஆகாயத்தில் வர, அதை எழுதியவர் கப்பலில் வந்த காலம் அது. 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி எயார் சிலோனின் "சீதாதேவி" என்ற டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. சீதையைத் தூக்கிச் சென்ற கதையை அறிந்த நாட்டிலே அவளுடைய பெயரையே விமானத்துக்குச் சூட்டியவர்களின் ரசனையை மெச்சத்தான் வேண்டும். டகோட்டாவின் வேகம் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர். இடையில் தரித்த நேரத்தை விட்டாலும் சென்னைக்கு இரண்டேகால் மணி நேரம் வேண்டும். எயார் சிலோன் மறைந்து, 1979 இல் எயார் லங்கா தோன்றி, அதுவும் பின்னர் பெயர் மாறியது. டகோட்டா போய் ஜெட் வந்தது.

இன்றைய ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். அவ்வாறாயின் 420 கிலோமீட்டருக்கு அரை மணி நேரந்தானே ஆக வேண்டும்? அட்டவணை ஒரு மணி நேரம் என்பது ஏன்? இது நல்ல கேள்வி. விமானம் அந்த வேகத்தை எட்டுவது உயரத்துக்குச் சென்ற பின்னரே. மேலே ஏறுவதற்கு ஒரு கால் மணிக்கு மேல் வேண்டும், இறங்குவதற்கும் அவ்வாறே. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் வாய்பாடு. முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல் வேண்டும். முழுப் பயணமே 226 கடல் மைல் என்னும்போது, முழு வேகத்தில் செல்ல மிஞ்சுவது சிறிது நேரமே. இதனோடு ஓடுபாதை வரை உருண்டு செல்லும் நேரத்தையும் சேர்த்தே அட்டவணை போடுகிறார்கள். ஆகவே தூரம் குறையக் குறைய விமானத்தின் பெருமையும் குறைகிறது.

அட்டவணையைப் பற்றி மற்றொரு வேடிக்கை. இன்று இலங்கையின் நேரமும் இந்தியாவின் நேரமும் ஒன்றே. ஆனால் மின்சாரத் தட்டுப்பாடு நிலவிய 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அக்காலத்தில் கொழும்பில் ஒன்பது மணிக்குப் புறப்பட்டு ஒரு மணி நேரம் பறந்தவர், திருச்சியில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரமும் ஒன்பது மணியே காட்டும்! திரும்பும்போதோ ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் பதினொரு மணி. அதே ஆண்டு ஒக்டோபரில் வித்தியாசத்தை அரை மணியாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள்.

தூரக் கணக்கு வேடிக்கை மாத்திரமன்று என்பதைப் பிற பிரதேசத்தாரை விட நன்கு அறிந்தவர்கள் றொசல்லயைச் சூழ்ந்த மலைகளிலுள்ளோர். 1974 டிசெம்பர் 4 ஆந் திகதி இரவு பத்து மணி கழிந்து சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கி வந்த மார்ட்டின் எயார் விமானம், கட்டுநாயக்கவில் தரிப்பதற்காக இறங்கத் தொடங்கியது. விமானிகள் தாம் இறங்குவதற்குப் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டதாகவே எண்ணினார்கள். உண்மையில் விமான நிலையத்துக்கு இன்னும் சுமார் 40 கடல் மைல் இருந்தது. முன்னே நின்றது மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலை. யாத்திரிகர் 182 பேரும் சிப்பந்திகள் 9 பேருமாக 191 பேரும் மாண்டார்கள். மேலே நாம் கூறிய வாய்பாட்டில் பிழையில்லை. ஆனால் எந்த இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதில் பிழை நேர்ந்துவிட்டது. கிழக்கே இருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்களுக்குக் குறுக்கே நிற்பது நம் மலைநாடு. சமவெளியிற் பிறந்தவருக்கு அது வரைபடத்தில் ஒரு பழுப்பு நிறம். அன்றைய இரவு அந்த ஓசையைக் கேட்ட தோட்டங்களுக்கு அப்படியன்று.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். றொசல்லயிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் சுமார் 470 கிலோமீட்டர். ஆனால் றொசல்லக்காரர் முதலில் கட்டுநாயக்கவுக்கு இறங்க வேண்டும். காகம் பறக்கும் தூரம் 80 கிலோமீட்டர்தான். கினிகத்தேனை வளைவுகளையும் அவிசாவளை நெரிசலையும் காகம் அறியாது. வாகனத்துக்கு நான்கு மணி நேரம் வேண்டும். மண்சரிவோ மூடுபனியோ இருந்தால் அதற்கு மேலும் ஆகும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். இறங்கியபின் கடவுச்சீட்டுப் பரிசோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம். ஆக ஒன்பது மணி நேரம். நம் பழைய கணக்கில் இருபத்திரண்டரை நாழிகை. இவற்றுள் ஆகாயத்துக்கு உரியது இரண்டரை நாழிகையே. 470 கிலோமீட்டரை ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 52 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் ஏறியும் நாம் பெற்ற வேகம் நல்ல பஸ் வண்டியின் வேகந்தான்! காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் சிறு நீர்விமானங்கள் உல்லாசப் பயணிகளைக் கொழும்பிலிருந்து சுமார் அரை மணியில் கொண்டுவந்து சேர்த்ததுண்டு. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் கொழுந்து பறிப்பவர்களுக்கும் அந்த அரை மணிக்கும் சம்பந்தமில்லை.

ஒன்பது மணி நேரம் அதிகமா, குறைவா? சுற்றுலாச் செல்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. ஆனால் அக்கரையில் தாயோ தமையனோ கண்ணை மூடிவிட்ட செய்தி விடியற்காலையில் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். முன்னொரு காலத்தில் தந்தி வருவதற்குள்ளேயே எல்லாம் முடிந்திருக்கும். போட் மெயிலில் போகிறவர் கருமாதிக்குத்தான் போய்ச் சேருவார். இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் முடிவுற்றது. இப்பொழுது செய்தி கைத்தொலைபேசியில் நொடியில் வருகின்றது, முகத்தின் படமும் கூடவே வருகின்றது. நம்மவர் வழக்கப்படி பூதவுடலை அதிக நேரம் வைத்திருப்பதில்லை. காலையில் செய்தி கிடைத்தவர் மாலைக்குள் வந்து சேருவாரா, வாய்க்கரிசி போடுவாரா என்று அங்கே பந்தலில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒன்பது மணி நேரத்தில் திருச்சி, அங்கிருந்து ஊருக்கு இரண்டு மணி நேரம் என்றால், கணக்குப்படி அன்றிரவே முகம் பார்க்கலாம்.

கணக்குப்படி என்றோம். அதற்கு அன்றைக்கு விமானம் இருக்க வேண்டும், அதில் இடம் இருக்க வேண்டும், பெட்டியில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருக்க வேண்டும், விசா வேண்டும். இலங்கையர் இந்திய விசாவுக்கு இணையவழியாக விண்ணப்பிக்கும் வசதி 2015 இல் வந்தது நன்மைதான். எனினும் விண்ணப்பித்து, அனுமதி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை எந்த விமான அட்டவணையும் குறிப்பதில்லை. கட்டணமோ சொல்ல வேண்டியதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்குப் பல ஆண்டு போராடி 2021 இல் அதைப் பெற்றவர்களுக்கு, போக வர ஒரு டிக்கட் ஒரு மாத உழைப்பில் அடங்காது. ஆகவே தோட்டத்துக் குடும்பங்களில் வசதியுள்ளவர்களுக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. அக்கரையில் வயோதிகர் இருப்பின், அவர்கள் நலமாயிருக்கும்போதே கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை அடகு நகையைப் போல் மறந்துவிடாமல், காலாவதித் திகதியைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வேறு வழிகளும் திறந்து வருகின்றன. 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 ஆந் திகதி யாழ்ப்பாணம் – திருச்சி சேவை ஆரம்பமாயிற்று. நேர்கோட்டில் 185 கிலோமீட்டருக்கும் குறைவு! ஆனால் றொசல்லயிலிருந்து யாழ்ப்பாணம் போவதற்கே ஒரு பகலோ ஓர் இரவோ வேண்டுமாதலால் இது வடக்கிலுள்ளோருக்கே உதவும். திருச்சியில் 2024 ஜனவரி 2 ஆந் திகதி திறந்து வைக்கப்பட்ட புதிய நிலையக் கட்டடம் விசாலமானது; முதன்முறை செல்வோர் மிரளாமல் பலகைகளைப் பார்த்து நடந்தால் போதும், அவை தமிழிலும் இருக்கின்றன.

முதன்முறை செல்வோருக்கு இன்னொரு குறிப்பு. கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போகும்போது வலப்புறத்துச் சாளர ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள். புறப்பட்டு அரை மணி நேரம் கழிந்து, மேகம் விலகியிருந்தால், கீழே வெளிர் நீலக் கடலில் மணல் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெரியும். ஒரு முனையில் தலைமன்னார், மறு முனையில் தனுஷ்கோடி. சற்று மேற்கே, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலம் ஒரு நூலிழையாய்க் கிடக்கும். திட்டுகள் தோன்றி மறைய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.